காய்ச்சல் வராத தோட்டம்

பதுளையில் மருந்துக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் பதினேழு பேர். அவர்களில் ஒருத்தி, காய்ச்சலில் நடுங்கிய கணவனைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அவனை வேலைக்கு இழுத்துப்போக அவர்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி வந்தார்.

“நடடா! நம்ம தோட்டத்துல எவனுக்கும் காய்ச்சல் வராது.”

“இவருக்கு வந்திருக்குங்க. தொட்டுப் பாருங்க.”

“எதுக்குத் தொடணும்? காய்ச்சல்னு படுக்கிறவன் நம்ம தோட்டத்து ஆளே இல்ல.”

“போன மாசம் நீங்களும் படுத்தீங்களே கங்காணி?”

“அது குளிரு. கங்காணிக்குக் காய்ச்சல் வருமா?”

“சரிங்க. நம்ம தோட்டத்து ஆளே இல்லாதவரை வேலைக்குக் கூப்பிட நீங்க யாருங்க?”

வரிசையே சிரித்தது. கங்காணி தனியாகத் திரும்பிப் போனார். ஓர் ஆளாவது குறையும் என்று காத்திருந்தேன். எனக்கு முன்னால் அதே பதினேழு பேர்.