நாலாவது அத்தியாயத்தை எடுக்க மாட்டேன்

"ஹலோ... ஆமா சார், நான்தான்... கேக்குது, சொல்லுங்க... எந்த அத்தியாயம்? நாலாவதா?... எடுத்துடணுமா?"

நூலகப் படிக்கட்டில், திறந்த சாப்பாட்டு டப்பாவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள் அந்த ஆய்வு மாணவி. ஒரு குடியிருப்புக்குக் குடிநீர் தரும் திட்டத்தில் கம்பெனியும் அரசாங்கமும் தொண்டு நிறுவனமும் எப்படிக் கைகோக்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. நாளைக்கு அந்த மூவர் முன்னாலும் பொதுக் கூட்டத்தில் அதைப் படிக்க வேண்டும். இன்றைக்குத்தான் வழிகாட்டிப் பேராசிரியர் போன் செய்து ஒரு அத்தியாயத்தை எடுக்கச் சொல்கிறார்.

"ம்... ம்... சரி சார்... இல்ல இல்ல, 'சரி'ன்னா கேக்குறேன்னு அர்த்தம், ஒத்துக்கிட்டேன்னு இல்ல... யாருக்குக் கோவம்? மூணு பேருக்குமா? அப்பாடா, இதுலயாவது ஒத்துமையா இருக்காங்களே!...

"சிரிக்கல சார்... நாலாவதுல இருக்கறதெல்லாம் நடந்ததுதானே, நீங்களும்தான் அன்னிக்கு அந்தக் குடியிருப்புக்கு வந்திருந்தீங்க. தண்ணி மோட்டார் நின்னுபோச்சு, 'கூட்டா சரிபண்ணுவோம்'னு முடிவு பண்ணாங்க. மெக்கானிக்க அரசாங்கம் அனுப்பும்னு கம்பெனி இருந்துச்சு. தொண்டு நிறுவனம் பாத்துக்கும்னு அரசாங்கம் இருந்துச்சு. தொண்டு நிறுவனம் கம்பெனிய நம்பிடுச்சு. கடைசியில வந்தது யாரு? தலைக்கு ஒருத்தரா மூணு போட்டோகிராஃபர்!... ஆமா, அடுத்தவர் ஆளு படத்துல விழக்கூடாதுன்னு ஓடாத மோட்டார சுத்திச் சுத்தி வந்தாங்களே... நீங்களே விழுந்து விழுந்து சிரிச்சீங்க சார்!...

"மாட்டேன்... 'சிறு தாமதம்'னும் போட மாட்டேன். அது இன்னும் ஓடல சார்!... ஆமா, ஆமா, தெரியும். நம்ம துறைக்குக் கம்பெனிதான் பணம் தருது, தெரியும்... என்னது? என் ஆய்வேட்டுல கையெழுத்து போட மாட்டீங்களா?"

அந்தக் கையெழுத்து இல்லையென்றால் பட்டம் இல்லை. இத்தனை வருட உழைப்பும் வீண். டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள்.

"பயமா இருக்கு சார். நிஜமாவே பயமா இருக்கு. வீட்ல என்ன சொல்லுவேன்னே தெரியல... ஆனா பயந்துக்கிட்டே சொல்றேன், எடுக்க மாட்டேன்... திமிரா? சரி, திமிர்னே வெச்சுக்குங்க...

"இருங்க சார், இன்னொன்னு. நாளைக்கு அந்தக் குடியிருப்பு அக்காங்கல்லாம் வர்றாங்க... நான் கூப்பிடல, அவங்களா கேட்டு வர்றாங்க. மூணு ஆபீஸ்காரங்களும் ஒரே ரூம்ல சிக்குற நாள் வேற எப்போ கிடைக்கும்?... ஒரே ஒரு கேள்விதானாம்... என்கிட்ட இல்ல சார், அவங்க மூணு பேர்கிட்ட. 'மெக்கானிக்க உங்கள்ல யாரு கூட்டிட்டு வர்றீங்க? கூட்டான்னு சொல்லாதீங்க, ஒரே ஒரு பேர் சொல்லுங்க'ன்னு...

"என்ன சார்?... நான் மேடை ஏறக்கூடாதா? நாலாவத விட்டுட்டு நீங்களே படிச்சுடுவீங்களா?... சரி. இந்தத் தடவ நிஜமாவே சரிதான் சார். நீங்க மேடையில இருங்க. நான் கீழ அக்காங்களோட உட்காந்துக்கறேன். அந்தக் கேள்விய நானும் சேந்தே கேக்குறேன். வெச்சிடறேன்."