அறுபதில் தத்தும் நடை

கனெங்: நிறுத்து, சோலோம். பின்னாடி தள்ளு. அவர் மேட்டுல ஏறி வர்ற இடம்.

சோலோம்: மறுபடியுமா அண்ணி? இப்பத்தானே பாத்தீங்க.

கனெங்: போடுன்னா போடேன். என் புருஷனை நான் எத்தனை தடவை பாத்தா உனக்கென்ன?

சோலோம்: சரி, சரி... இதோ வர்றார்.

கனெங்: பாரு. பாரு! தத்தித் தத்திப் போறார். டாச்சுங் இப்படியா நடப்பார்? நீ படம் எடுத்தியா, பொம்மலாட்டம் எடுத்தியா?

சோலோம்: அது அண்ணன் இல்ல, அண்ணி. டிவி.

கனெங்: டிவி எங்கடா நடக்குது?

சோலோம்: ஐயோ... அவரை விடுங்க. பின்னாடி ரோட்டுல போற லாரியைப் பாருங்க. குளத்தங்கரையில ஆட்டு மந்தை போகுதே, அதைப் பாருங்க.

கனெங்: ஆமா... ஆடும் தத்துது.

சோலோம்: எல்லாமே தத்துது. அதான் சொல்றேன்.

கனெங்: ஏன்? சர்ச்சுல புது டிவின்னு பாஸ்டர் அவ்வளவு பெருமையா சொன்னாரே. கெட்டுப் போச்சா?

சோலோம்: கெடல. நான் படம் பிடிச்சது ஒரு செகண்டுக்கு இருபத்துநாலு போட்டோ கணக்குல. ஒண்ணு பின்னால ஒண்ணு ஓடுறப்போ நடக்கிற மாதிரி தெரியும். ஆனா இந்த டிவி செகண்டுக்கு அறுபது தடவை துடிக்குது.

கனெங்: துடிச்சுட்டுப் போகட்டும்.

சோலோம்: அறுபதை இருபத்துநாலுக்குப் பங்கு போட்டா சமமா வராது, அண்ணி. ஒரு போட்டோ ரெண்டு துடிப்பு நிக்கும், அடுத்தது மூணு துடிப்பு நிக்கும். ரெண்டு, மூணு, ரெண்டு, மூணு... அந்த ஏத்த இறக்கம்தான் உங்க கண்ணுக்கு நொண்டுற மாதிரி தெரியுது.

கனெங்: ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸ் போட்டு நடக்கிற மாதிரி.

சோலோம்: அதேதான்! என்னைவிட நல்லா சொல்லிட்டீங்க. சரி, நாற்காலியெல்லாம் போட்டுடலாமா? ஆளுங்க வர்ற நேரம்.

கனெங்: இரு, இரு. டிவியையும் இருபத்துநாலுலயே துடிக்க வைக்க முடியாதா?

சோலோம்: அது... முடியும். எதுக்கு விடுங்க. பழகிடும்.

கனெங்: என்ன பழகிடும்?

சோலோம்: கண்ணு பழகிடும். கொஞ்ச நேரம் ஓடினா யாரும் கவனிக்க மாட்டாங்க.

கனெங்: நீயாடா சொல்றே? என் தங்கச்சி கல்யாண வீடியோல, பொண்ணு காதுல கிடந்த தோடு மங்கலா தெரியுதுன்னு அவளை மறுபடி அலங்காரம் பண்ண வெச்சு நிக்க வெச்சவன் நீ. மாப்பிள்ளை பசியில மயங்கி விழாத குறை.

சோலோம்: அப்போ எனக்குச் சின்ன வயசு.

கனெங்: இப்போ கிழவனாயிட்டியாக்கும். மாத்து.

சோலோம்: டிவி சர்ச்சோடது, அண்ணி. எதையும் தொடக் கூடாதுன்னு பாஸ்டர்...

கனெங்: பாஸ்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்.

சோலோம்: கரண்டு வேற எப்போ போகும்னு தெரியல. நடுவுல மாத்தப் போயி, ஜெனரேட்டருக்கு மாறுறப்போ லேப்டாப் நின்னுடுச்சுன்னா...

கனெங்: சோலோம்.

சோலோம்: ம்...

கனெங்: இங்க பாரு. அத்தை ரியோம்லேருந்து கிளம்பிட்டாங்க. மகனை மண்ணுல வெச்சதுக்கப்புறம் இன்னிக்குத்தான் அவன் எழுந்து நடக்கிறதைப் பாக்கப் போறாங்க. சாவி கொடுத்த பொம்மை மாதிரியா பாக்கணும்? அந்தப் பக்கம் முன் வரிசையில என் பொண்ணு லியோப்பைக் கட்டிக்கப் போற மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காரப் போறாங்க. அவங்க அவரை உயிரோட பாத்ததே கிடையாது. ஒரு தடவையாவது நேரா நடக்கட்டுமே அந்த மனுஷன். என்ன முழிக்கிறே?

சோலோம்: ஒண்ணுமில்ல. மாத்தறேன். கொஞ்சம் நகருங்க, வயர் மேல நிக்கிறீங்க.

கனெங்: இருட்டாயிடுச்சே!

சோலோம்: அப்படித்தான் ஆகும். டிவி அறுபதை விட்டுட்டு இருபத்துநாலைப் பிடிக்கணும்ல... வந்துடுச்சு.

கனெங்: எங்க, ஆட்டைக் காட்டு... அட! எண்ணெய் விட்ட மாதிரி போகுதே. லாரி எப்படி வழுக்கிட்டுப் போகுது பாரு. இதுக்குப் போயி இவ்வளவு பிகு பண்ணினே. குளத்துத் தண்ணி கூட நிஜமா அசையுது.

சோலோம்: சரி, பாத்துட்டீங்கள்ல. நிறுத்திடறேன்.

கனெங்: இன்னும் அவர் வரலையே.

சோலோம்: அவர் வர்றப்போ எல்லாரோடயும் சேர்ந்து பாருங்களேன்.

கனெங்: கையை எடு. கையை எடுன்னு சொல்றேன்ல... வர்றார். நம்ம பச்சைத் தொப்பி. நான் பின்னிக் கொடுத்தது... சோலோம்.

சோலோம்: சொல்லுங்க.

கனெங்: லாரி நல்லாப் போகுது. ஆடு நல்லாப் போகுது. அவர் இடது கால் மட்டும்...

சோலோம்: கல்லு தடுக்கியிருக்கும், அண்ணி. அந்த மேடு பூரா ஈயச் சுரங்கம் தோண்டிக் கொட்டின கல்லு.

கனெங்: ஒவ்வொரு அடிக்குமா கல்லு தடுக்கும்? கால் தூக்கவே இல்ல. தரையோட தேய்ச்சு இழுத்துக்கிட்டு வருது. உனக்குத் தெரியும். அதான் மாத்த மாட்டேன்னு அடம் பிடிச்சே.

சோலோம்: தெரியும்.

கனெங்: வேணும்னேதான் அறுபதுல விட்டு வெச்சிருந்தியா?

சோலோம்: ஆமா. ஊர், உலகம், ஆடு, லாரி எல்லாமே நொண்டினா அவர் நொண்டுறது தனியாத் தெரியாதுன்னு நினைச்சேன். மத்த இடத்துல எல்லாம் காலைக் காட்டாம வெட்டிட்டேன். முகம், தோள், கை... இந்த மேட்டை மட்டும் வெட்ட முடியல. இது இல்லேன்னா படமே இல்ல.

கனெங்: எப்பலேருந்து தெரியும்?

சோலோம்: ஷூட்டிங் ஆரம்பிச்ச வாரமே. ஒரு நாள் கேமராவுக்குப் பின்னாடி வந்து உக்காந்து, கால் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதுடான்னார். டாக்டர்கிட்ட போகலாம்னு கூப்பிட்டேன். சிரிச்சார். உங்ககிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார்.

கனெங்: என்கிட்டயா? தினமும் காலையில குனிஞ்சு அவருக்கு ஷூ மாட்டி விட்டது யாருன்னு நினைச்சே?

சோலோம்: அண்ணி...

கனெங்: என்கிட்டயும் சத்தியம் வாங்கினார். உனக்குத் தெரிஞ்சா படத்துலேருந்து தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுடுவியாம். வாழ்க்கையிலேயே ஒரு தடவைதான் பெரிய வேஷம் கிடைச்சிருக்கு, கெடுத்துடாதே கனெங்ன்னார்.

சோலோம்: அப்போ ரெண்டு பேரும்... இத்தனை நாளா...

கனெங்: ரெண்டு பேரையும் நடிக்க வெச்சுட்டுப் போயிருக்கார். நீ கொடுத்த வேஷத்தைவிட இதுதான் பெருசு.

சோலோம்: தெரிஞ்சும் ஏன் மாத்தச் சொன்னீங்க?

கனெங்: அந்த மேட்டுல எடுத்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து, இன்னிக்கு ஒரு தப்பு இல்லாம நடந்தேன்டி, இளவட்டம் மாதிரி நடந்தேன்னு சொன்னார். அதை நம்பிட்டேன். அந்த ஒரு நடையைப் பாக்கணும்னுதான்...

சோலோம்: அழாதீங்க, அண்ணி. தண்ணி குடிங்க.

கனெங்: வேண்டாம். பழையபடி மாத்து.

சோலோம்: என்னது?

கனெங்: அறுபதுக்கே மாத்து. எல்லாம் தத்தட்டும்.

சோலோம்: முடியாது.

கனெங்: கொஞ்ச முன்னாடி நீயேதானே...

சோலோம்: அப்போ உங்களுக்காகத்தான் மறைச்சேன். உங்களுக்குத் தெரிஞ்ச பிறகு யாருக்கு மறைக்கணும்? ஊரே அவரைக் குடிகாரன்னு சொல்லுது, அண்ணி. குடிச்சுட்டு வந்து குளத்துல விழுந்தான், பாடகர் குழுவுல நின்னுக்கிட்டே நம்மள ஏமாத்தினான்னு சர்ச் வாசல்லயே பேசுறாங்க. அவரைப் பெத்த அம்மாவே வெள்ளிக்கிழமை ஜெபத்துல மகன் பேரைக்கூட எடுக்கறதில்ல. பாக்கட்டுமே எல்லாரும்! இந்தக் காலைப் பாத்தா ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். இது போதை இல்ல, நோய்.

கனெங்: அத்தைக்குப் புரியும். அதான் பயமா இருக்கு.

சோலோம்: புரியட்டும்னுதானே சொல்றேன்!

கனெங்: நீ பாத்ததில்ல, ரியோம்ல என் மாமனார் இப்படித்தான் நடந்தார். முதல்ல இடது கால், அப்புறம் வலது கால், அப்புறம் பாய். ஸ்பூன் பிடிக்கக் கூட முடியாம ஏழு வருஷம் கிடந்து போனார். சோறு ஊட்டினது அத்தைதான். இந்த ஒரு நடையைப் பாத்தா போதும், அவங்க வாய்விட்டுக் கத்திடுவாங்க, என் புருஷன் நடைன்னு.

சோலோம்: கத்தட்டும். மகன் மேல இருந்த கோபமாவது போகும்ல. மகன் யோக்கியன்னு தெரிஞ்சுட்டுக் கண்ணை மூடட்டும் அந்தக் கிழவி.

கனெங்: நீ சொல்றது நியாயம்தான்.

சோலோம்: அப்போ?

கனெங்: நியாயத்தை அப்புறம் பாத்துக்கலாம். நான் அவர் பொண்டாட்டி, நான் சொல்றேன். மாத்து.

சோலோம்: என் படம், அண்ணி. முதல் தடவையா ஒழுங்கா ஓடுது.

கனெங்: தெரியும். உன் கால்ல வேணா விழறேன்.

சோலோம்: ஐயோ, எழுந்திருங்க! என்ன இது... யாராவது வந்துடப் போறாங்க. எழுந்திருங்க. மாத்தறேன்... இதோ.

கனெங்: மாத்திட்டியா?

சோலோம்: பாருங்க. லாரி தத்துது. ஆடு தத்துது. எல்லாரும் நொண்டி. சந்தோஷமா?

கனெங்: நல்லா இரு, தம்பி.

சோலோம்: நல்லா எங்க இருக்கிறது... ஒண்ணு மட்டும் எனக்கு அடங்கவே மாட்டேங்குது. அண்ணன் புருகுட்டுக் கள்ளைக் கையாலகூடத் தொட்டதில்ல. நாங்க ஒரு சுரைக்குடுவையை நீட்டினாலே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவார். பொணத்தோட சட்டை பூரா புருகுட்டு நாத்தம் அடிச்சுதுன்னு முதல்ல கிளப்பி விட்டது யார்னு மட்டும் தெரிஞ்சா...

கனெங்: என்ன செய்வே?

சோலோம்: பல்லை உடைப்பேன்.

கனெங்: கார் சத்தம் கேக்குதா?

சோலோம்: லியோப்தான். மாப்பிள்ளையும் வந்திருக்கார். பேச்சை மாத்தாதீங்க அண்ணி, உங்களுக்குத் தெரியுமா யார்னு?

கனெங்: நாத்தம் நிஜம்தான், சோலோம். குளத்துலேருந்து தூக்கிட்டு வந்தவங்க அவரை முற்றத்துல கிடத்திட்டுப் பாஸ்டரைக் கூப்பிடப் போனாங்க. அந்த இடைவெளியில அடுத்த வீட்டுப் புருகுட்டுக் குடுவையை எடுத்துட்டு வந்து அவர் மார்புல ஊத்தினது நான்தான். குடிகாரன் மகளைக் கட்டிக்க எவனாவது வருவான். அப்பனும் பாட்டனும் கால் செத்துப் போன வீட்டுல பொண்ணெடுக்க யார் வருவா? அதோ, படியேறி வர்றா பாரு. மாப்பிள்ளை கையைப் பிடிச்சிருக்கிறது ஆசையில இல்ல... போன மாசத்துலேருந்து அவளுக்கும் இடது கால் இழுக்குது.