வெளிநாட்டுக் காசில்லாத வருடம்

பருப்புக் கறிக்குத் தேங்காயின் இரண்டாம் பாலே போதும் என்று இந்தத் தளத்தில் முதன்முதல் எழுதியபோது நாற்பது பேர்கூட வாசிக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஜஸ்ரின் கனகரட்ணம். உரும்பிராயில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் வணிகக்கல்வி படிப்பிக்கிறேன். ஒரு சம்பளத்தில் வீடு நடத்துவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதிவந்தேன். சந்தையில் மரக்கறி மலிகிற நேரம், மின்சாரக் கட்டணம், தேய்ந்த சட்டைக் கொலரைப் புரட்டித் தைப்பது. எல்லாம் உபயோகமான விஷயங்கள். உபயோகமானதை யார் வாசிக்கிறார்கள்.

போன வருடம் புதுவருட ஆராதனைக்குப் போய் வந்த கையோடு ஒரு பதிவு போட்டேன். இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு சதமும் வராது, கடனும் வாங்கமாட்டோம் என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. கூரை ஓட்டிலிருந்து கலியாணச் சாப்பாடு வரைக்கும் கனடாவும் லண்டனும்தான் தாங்குகின்றன. என் மனைவி ரேச்சலின் அண்ணன் றொபின் ரொறன்ரோவில் இருக்கிறார். மாதாமாதம் தங்கைக்குக் கொஞ்சம் அனுப்புவார். அதை நிறுத்தச் சொன்னேன். "சரி மச்சான், உங்கடை விளையாட்டை நான் ஏன் குழப்புவான்" என்று சிரித்தார். அந்தப் பதிவை ஆயிரக்கணக்கானோர் வாசித்தார்கள். காசு அனுப்பிக் களைத்தவர்கள்தான் அதில் அதிகம். அனுப்பாமலே நடக்கிற வீடு ஒன்று இருக்கிறதென்பது அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

மாசியில் 'ஒரு வீட்டுக்கு ஒரு கைபேசி' என்ற பதிவு வந்தது. ரேச்சலின் போனை விற்றோம். "எனக்கு ஆரோடை கதைக்கக் கிடக்கு, அண்ணையோடைதானே. உங்கடை போனிலை கதைக்கிறன்" என்றாள். அவள் அப்படித்தான். தேவாலயப் பாடகர் குழுவிலும் மற்றவர்களை முன்னுக்கு விட்டு, பின்வரிசையில் நின்று இரண்டாம் குரலில் பாடுவாள்.

வைகாசியில் அவளுடைய மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஸ்கானுக்கு இங்கே வரிசை நீளம், காத்திராமல் வெளியில் காசு கட்டி எடுத்துக்கொண்டு கெதியாக வாருங்கள் என்றார். என் சம்பளம் அதற்குக் காணாது. கடன் வாங்குவதில்லை என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

"அண்ணையிட்டை ஒருக்கால் கேளுங்கோவன்" என்றாள் ரேச்சல். "அவர் மாட்டன் எண்டு சொல்லார்."

நான் கேட்கத் தேவையே வரவில்லை. தேவாலயத்து ஆட்கள் யாரோ சொல்லி, அடுத்த நாள் றொபினே போன் எடுத்தார். "காசைப் பற்றி யோசியாதேங்கோ மச்சான். உடனை கொழும்புக்குக் கொண்டு போங்கோ. அவளிட்டைப் போனைக் குடுங்கோ, நான் கதைக்கிறன்."

ரேச்சல் கிணற்றடியில் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"இஞ்சை எல்லாம் இலவசமாச் செய்யினம்" என்றேன். "அவளுக்கு உங்களிலை கோவம். நான் சொன்ன உடனை நீங்கள் காசை நிப்பாட்டிப்போட்டியளாம். இப்ப கதைக்கமாட்டாளாம்."

அவர் போனை வைத்துவிட்டார். நான் கிணற்றடிக்குப் போய், "அண்ணைக்கும் இப்ப கஷ்டமாம், பிறகு பாப்பமாம்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உடுப்பைப் பிழிந்தாள்.

ஏன் என்று கேட்பீர்கள். அப்போது வருடத்தில் பாதி ஓடிவிட்டது. காலையில் எழும்பினால் முதலில் உங்கள் வீட்டைத்தான் பார்க்கிறோம் என்று உங்களில் எத்தனையோ பேர் எழுதினீர்கள். றொபினின் காசை வாங்கிவிட்டு வாங்கவில்லை என்று எழுதியிருக்கலாம்தான். ஆனால் அது உங்களை ஏமாற்றுகிற வேலை. வாசகர்களிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

நோயைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதினேன். முருங்கையிலைச் சூப், ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் செலவு, பிறகு மருந்து ஏற்றியபோது தலையணையில் கொட்டிக் கிடந்த முடி. அந்தப் பதிவுகளுக்கு வந்த கூட்டம் அதற்கு முன்னர் வந்ததில்லை. ரேச்சல் அவற்றை வாசிக்கவில்லை. அவளிடம் போன் இல்லையே. ஸ்கானுக்கு அவளுடைய முறை வந்தபோது ஆவணியாகிவிட்டது. ஈரல் வரைக்கும் பரவிவிட்டது என்றார்கள்.

அவளுடைய பிறந்தநாளுக்கு றொபின் ஒரு குரல் பதிவு அனுப்பினார். சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிற பாட்டொன்றைத் தனியாகப் பாடியிருந்தார். அவள் பாடுகிற இடங்களில் நிறுத்தி, பேசாமல் இருந்து, பிறகு தொடர்ந்தார். கடைசியில், "தங்கச்சி, கோவம் ஆறினால் ஒரு சொல்லுச் சொல்லு. நான் அடுத்த பிளேனிலை வாறன்" என்றார். ஆசிரியர் அறையில் இருந்து அதைக் கேட்டேன். நெஞ்சு உடைந்து அழுதேன், அதை நம்புங்கள். முகத்தைக் கழுவிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

கார்த்திகை மழை தொடங்கியபோது அவளால் எழும்ப முடியவில்லை. ஒரு பின்னேரம் வாசலைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணைக்கு நான் என்ன பிழை செய்தனான்? எப்பிடி இருக்கிறாய் எண்டுகூட ஒரு வார்த்தை கேக்கேல்லையே."

போன் என் சட்டைப் பையில் இருந்தது. அவருடைய பாட்டும் அதற்குள் இருந்தது. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன் என்று எழும்பிப் போனேன். அந்தக் கிழமையே அவள் போய்விட்டாள்.

நான் அவளை நேசித்தேன். அவளுடைய சீப்பை இன்னும் கண்ணாடியடியிலிருந்து எடுக்க முடியவில்லை.

றொபின் செத்தவீட்டுக்கு வந்தார். பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "என்னைப் பற்றி ஏதும் கதைச்சவளோ மச்சான்?" என்று கேட்டார். இல்லை என்றேன். செலவு முழுவதையும் தான் பார்ப்பதாகச் சொன்னார். வருடம் இன்னும் முடியவில்லை, அதனால் வேண்டாம் என்றேன். அவர் திரும்பிப் போகும்போது நடையே மாறியிருந்தது.

ஆகவே சொல்கிறேன். நோய் வந்தது என்னால் அல்ல. ஆனால் அதற்கு நேரத்தைக் கொடுத்தவன் நான். கூடப் பிறந்தவர் கைவிட்டுவிட்டார் என்ற நினைப்போடு அவளைச் சாகவிட்டவனும் நான்தான். வருடம் முடிந்துவிட்டது, சொன்ன சொல் தப்பவில்லை. றொபினின் காசில் ஒரு சதமும் எடுக்கவில்லை.

அவருக்கு இதை இன்னும் சொல்லவில்லை. இரண்டு தரம் எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். அவரும் இந்தத் தளத்துக்கு வருகிறவர், உங்களோடு சேர்ந்து வாசித்து அறிந்துகொள்வார். ரொறன்ரோவில் ஞாயிறு விடிகிற நேரம் பார்த்துத்தான் இதைப் போடுகிறேன். அப்போதுதான் இங்கே ஆட்கள் அதிகம் வருவார்கள்.

அவர் பாடிய பாட்டைக் கீழே இணைத்திருக்கிறேன். ரேச்சல் கேட்கவில்லை. நீங்களாவது கடைசிவரை கேட்டுவிட்டுப் போங்கள், பாதியில் மூடினால் அதை ஒரு வருகையாக எண்ணமாட்டார்கள்.