கெல்டிங் வம்சம்

— தும்மித் தொலைக்காதீங்க. வெளியே கேட்கும்.

— வைக்கோல் தூசிடி, மூக்குல ஏறுது. சகலை போயிட்டானா, இடுக்கு வழியா பாரு.

— எங்கக்கா வீட்டுக்காரரை அவன் இவன்னு பேசாதீங்க. போகலை. லாயத்து முன்வாசல்லயே நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டார். பக்கத்துல குதிரை டாக்டர்.

— டாக்டரா! போச்சு, என் கௌரவம் போச்சு.

— அதுக்கு என்னையும் சேர்த்து இழுத்துக்கிட்டு வந்து இந்த லாயத்து வைக்கோல் அறையில ஒளியணுமா? நேரா நின்னு சொல்ல வேண்டியதுதானே.

— என்னன்னு சொல்றது? இந்தக் குதிரையோட முதல் குட்டி உங்களுக்குத்தான் சகலைன்னு, விருந்துல எழுந்து நின்னு சொன்னவன்டி நான். அவன் குட்டிக்குன்னு புது வீட்டுப் புல்தரையில வேலியே போட்டுட்டான்!

— சரிதான். கெல்டிங்னா என்னன்னு முதல்லயே யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

— வித்தவன், ‘இது கெல்டிங் சார்’னு அவ்வளவு மரியாதையா சொன்னான். ஏதோ உயர்ந்த ஜாதின்னு நினைச்சேன்.

— நினைச்சதோட விட்டீங்களா? ‘கெல்டிங் வம்சம்’னு பித்தளையில பொறிச்சு லாயத்துக் கதவுல மாட்டினீங்க.

— காயடிச்ச குதிரைன்னு தமிழ்ல சொல்லியிருந்தா நான் ஏன் மாட்டப்போறேன்? குதிரைக்காரன் இன்னிக்குக் காலையிலதான் சொல்றான். அதுவும் சிரிக்காம சொல்றான் பாரு, அதுதான் வயிறு எரியுது.

— அதுக்குக் குட்டிதான் பிறக்காது. ஓடியாவது ஏதாவது கிழிச்சுதா?

— ஏன், ஹால்ல போட்டோ மாட்டலையா? தன்னந்தனியா பறக்குதே!

— முன்னால ஓடின குதிரைங்களையெல்லாம் கத்தரிச்சுட்டு மாட்டினா தனியாத்தான் பறக்கும்.

— மெதுவா பேசு! கேட்டுக்கோ, எல்லாத்துக்கும் வழி பண்ணிட்டேன். பின்பக்கக் கேட்டுக்கு லாரி வருது. சகலை கிளம்பினதும் ஏத்தி அனுப்பிடுவேன். நாளைக்கு வயித்து வலி வந்து செத்துப்போச்சுன்னு சொன்னா, கெல்டிங் வம்சமும் முடிஞ்சுது, குட்டிப் பேச்சும் முடிஞ்சுது.

— அந்த லாரி எங்கே போகும்?

— நான் கேட்கலை.

— தோல் உரிக்கிற இடத்துக்குத்தானே?

— கேட்கலைன்னு சொல்றேன்ல. பரிசும் வராது, குட்டியும் வராது. அதை வெச்சுக்கிட்டு என்னடி பண்றது?

— நான் வெச்சுக்குவேன்.

— நீயா? உனக்கும் குதிரைக்கும் என்ன?

— மத்தியானம் நீங்க சாப்பிட்டுக் குறட்டை விட ஆரம்பிச்சதும் நான் இந்த லாயத்துக்குத்தான் வருவேன்.

— இங்கேயா? எதுக்கு?

— பேசத்தான். நான் வாயைத் திறந்தா நீங்க பேப்பரைத் திறப்பீங்க. இது அப்படியில்லை, ஒரு காதை என் பக்கம் திருப்பி வெச்சுக்கும். நான் நிறுத்தினா மூக்கால ஒரு இடி இடிக்கும், ‘அப்புறம்?’ங்கிற மாதிரி. உங்க வாயிலேருந்து அந்த ‘அப்புறம்?’ ஒரு நாளாவது வந்திருக்கா?

— என்னைப் பத்தியா பேசுவே?

— வேற யாரைப் பத்தி? சலிக்காம கேட்குதுங்க. அதுக்கே அதைக் கும்பிடணும்.

— சரி, சரி, அழாதே. என்னையும்தான் கொஞ்சம் யோசிச்சுப் பாரு. வெளியே போனா சகலை, உள்ளே இருந்தா நீ. குதிரை இருக்கிற வரைக்கும் குட்டி எங்கே குட்டி எங்கேன்னு கேட்பானே! விஷயம் தெரிஞ்சா ஒரு வீட்டு வாசல் மிதிக்க முடியுமா நான்?

— ஐயா... ஐயா, நான்தான் குதிரைக்காரன். கதவைத் திறக்க வேணாம், இப்படியே சொல்லிடறேன். பின்னால லாரி வந்து நிக்குது. ஏத்துறதுன்னா உடனே ஏத்துங்க, இல்லைன்னா போறேங்கிறான்.

— சகலை இன்னும் போகலையாப்பா?

— இல்லீங்க ஐயா. உங்களைப் பார்க்காம போறதில்லைன்னு உட்கார்ந்திருக்காங்க.

— அப்ப முன்பக்கம் அவங்களைப் பேச்சுல பிடிச்சு வெச்சுக்கோ. குதிரையைப் பின்வழியா...

— கொஞ்சம் இருப்பா! ஏங்க, இதைச் சொல்ல வேண்டாம்னுதான் இத்தனை நாளா வாயைக் கட்டிக்கிட்டிருந்தேன். உங்க சகலைக்கு எல்லாம் தெரியும்.

— என்ன தெரியும்?

— கெல்டிங்னா என்னன்னு. நீங்க விருந்துல எழுந்து நின்ன அன்னிக்கே தெரியும். அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் வயிறு வலிக்கச் சிரிச்சாங்களாம், அக்காதான் சொன்னா.

— அப்ப அந்த வேலி?

— நாய்க்குப் போட்டது.

— டாக்டரை எதுக்குக் கூட்டிக்கிட்டு வந்தான்?

— வம்சக் கதையை உங்க வாயாலேயே கேட்கணும்னு அவருக்கு ஆசையாம். அந்தக் குதிரையை வாங்கறதுக்கு முன்னாடி நம்மளை யாராவது ஒரு விருந்துக்குக் கூப்பிட்டிருக்காங்களா, நீங்களே சொல்லுங்க. இப்ப வாரம் தவறாம கூப்பிடறாங்களே, எதுக்குன்னு நினைச்சீங்க?

— என் வம்சக் கதையைக் கேட்கவா?

— ஏங்க. பின்னே வேற எதுக்கு?

— ஐயா, லாரிக்காரன் வண்டியைக் கிளப்பிட்டான். என்ன சொல்லட்டும்?

— போகச் சொல்லுப்பா. அப்படியே முன்பக்கம் போய், ஐயா இதோ வந்துட்டார், டாக்டருக்கு வம்சக் கதையை ஆதியோட அந்தமா சொல்லப் போறார்னு சொல்லு.