நாலு சில்லும் இழுக்கவேணும்

— இந்தக் காருக்கு நாலு சில்லும் இழுக்குமோ, இல்லாட்டி ரெண்டு சில்லு இழுக்க மற்ற ரெண்டும் பின்னால சும்மா உருண்டு வருமோ? எனக்கு அதை மட்டும் சொல்லும் தம்பி.

— நாலும் இழுக்கும் ஸ்ரீஸ்கந்தராசா அங்கிள். பேசிக்கலி, முன் சில்லு வழுக்கினா பின் சில்லு தானாப் பிடிக்கும்.

— தானாப் பிடிக்கிறதை நான் நம்பமாட்டன். நானா ஒரு சுவிட்சைப் போட்டு நாலையும் பூட்டி வைக்கேலாதோ?

— லொக் பட்டன் இருக்கு. ஆனா அங்கிள், நீங்க ஸ்கார்பரோவிலதானே இருக்கிறீங்க?

— மார்க்கம் றோட்டடியில. ஏன்?

— அங்க ஸ்னோ கொட்டி முடியமுன்னமே வழிக்கிற லொறி வந்திடும். உங்களுக்கு ஃபோர் வீல் எல்லாம் தேவையில்லை. அந்த மூலையில நிக்கிற சின்னக் காருக்கு நல்ல வின்ரர் ரயர் நாலு போட்டா முடிஞ்சுது. ஹொனஸ்ட்லி, விலையும் கையைக் கடிக்காது.

— அப்பிடிச் சொல்லு ராசா! இஞ்சருங்கோ, கேட்டியளே? கார் விக்கிற பிள்ளையே வேண்டாமெண்டுது.

— தவமணி, நீர் சும்மா இரும்.

— கலியாணம் கட்டின நாளில இருந்து சும்மாதான் இருக்கிறன். இவர் எங்க போறவர் தெரியுமே தம்பி? கோயில், மரக்கறிக் கடை, இவற்ர கூட்டாளி றோய் வீட்டு பேஸ்மென்ற்றில காட்ஸ் விளையாட்டு. ஸ்னோவெண்டால் அதுவுமில்லை. யன்னலடியில நிண்டு ‘கொட்டுது, கொட்டுது’ எண்டு எனக்குச் செய்தி வாசிப்பார்.

— றோய் வச்சிருக்கிறதும் நாலு சில்லும் இழுக்கிறதுதான்.

— ஆ, இப்ப வெளிய வந்திட்டுது! றோய் மலையேறிறதுக்கு வாங்கினவனாக்கும். மலையெண்டு சொல்ல அவன்ர வீட்டு டிரைவ்வே மட்டும்தான் கிடக்குது.

— அங்கிள், எஸ்யூவிதான் வேணுமெண்டா இந்தச் சாம்பல் நிறத்தைப் பாருங்கோ. சின்னது, ஒரே ஆள் ஓடினது. நீங்க சொன்ன காசுக்குள்ள இது ஒண்டுதான் வரும்.

— நிலத்தில இருந்து எவ்வளவு உயரம்? முழங்கால் ஸ்னோவுக்க வயிறு தட்டாதோ?

— முழங்கால் ஸ்னோவா? ரொறன்ரோவிலயா?

— கேட்டதுக்கு மறுமொழி சொல்லும்.

— கொஞ்சம் தட்டும், ஆனா போகும். ஃபமிலியில எத்தினை பேர்?

— ரெண்டு பேர்.

— மூண்டு பேர் தம்பி. எங்களுக்கு ஒரு மகள்...

— தவமணி!

— சரி. ரெண்டு பேர்.

— நான் குனிஞ்சு ஒருக்கால் கீழ பாக்கிறன், இரும்பில கறள் கிறள் பிடிச்சுக் கிடக்கோ தெரியாது. நீங்கள் ரெண்டு பேரும் அங்கால போய் நிண்டு கதையுங்கோ, எனக்கு வெளிச்சம் மறைக்குது.

— சொறி அன்ரி. நான் ஏதும் பிழையாக் கேட்டுட்டனா?

— நீ என்ன செய்வாய் ராசா. ஒரே ஒரு பிள்ளை, சுபாங்கி. நேர்ஸ். டிம்மின்ஸில வேலையெண்டு போனவள், அங்கயே தனக்குப் பிடிச்ச பெடியனைக் கலியாணம் முடிச்சிட்டாள். ‘இனி அவளின்ர பேர் இந்த வீட்டில எடுபடக்கூடாது’ எண்டிட்டார் மனுசன். இவர் மகளின்ர முகம் பாத்து ரெண்டு வருசம். நான் வாய் திறந்தால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போயிடுவார். இதுக்க இவருக்குக் கார் ஒண்டு கேக்குது.

— டிம்மின்ஸா? ஓ மை காட். ஒரு நாள் முழுக்க ஓடவேணுமே.

— தம்பி, இஞ்ச ஒருக்கா வாரும்! முன்னுக்கு வயர் ஒண்டையும் காணேல்லயே?

— என்ன வயர் அங்கிள்?

— இரவில கறன்ற் குத்தி எஞ்சினைச் சூடா வச்சிருக்கிற வயர். புளொக் ஹீற்றர்.

— புளொக் ஹீற்றரா? நான் இங்க கார் விக்கத் தொடங்கின நாளில இருந்து அதை ஒருத்தரும் கேட்டதில்லை அங்கிள். அது வடக்க இருக்கிற ஆக்களுக்கு. காலமை எஞ்சின் உறைஞ்சு போயிடும் எண்டு பூட்டுறது. சட்பரி, டிம்மின்ஸ்... ஓ.

— போடேலுமோ, ஏலாதோ?

— ஏலும் அங்கிள். போட்டுத் தாறன்.

— இஞ்சருங்கோ. உந்த ஹீற்றர் கதையை ஆர் உங்களுக்குச் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்ல. யூரியூப்பில கிடந்தது.

— என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

— இப்ப என்ன சொல்லவேணும்? நோர்த் பே தாண்டினால் பிறகு ஒரே ஸ்னோவாம். பழைய கார் நடுக்காட்டில நிண்டால் ஆர் வந்து தள்ளுறது? கிறிஸ்மஸ் லீவுக்கு ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம். கதவைத் திறந்தால் திறக்கட்டும், திறக்காட்டித் திரும்பி வருவம். ஒருவேளை... இரவு நிண்டிட்டுப் போங்கோ அப்பா எண்டு சொன்னாளெண்டால், கார் வெளியிலதானே நிக்கவேணும்.

— ஐயோ, என்ர மனுசா.

— அழாதையும், பெடியன் பாக்கிறான். எனக்கு அவளைப் பாக்கவேணும் போல கிடக்கு, அவ்வளவுதான். தம்பி, நீர் போய்ப் பேப்பரைக் கொண்டு வாரும், கையெழுத்து வைப்பம்.

— தம்பி, பொறு, போகாதை. இஞ்சருங்கோ, அவளின்ர கதையை எடுக்கவேண்டாமெண்டு நீங்கள் சொன்னபடியால்தான் நானும் சொல்லேல்ல. பிள்ளை செப்ரெம்பரிலயே இஞ்ச பக்கத்தில மிசிசாகாவுக்கு வந்திட்டாள். நான் பஸ்ஸிலதான் போய்ப் பாத்திட்டு வாறனான்.