இணையாத நிரலை எங்களிடம் விட்டுச் செல்லும் அக்காவுக்கு

பிழைச்செய்தி பெருகிய பொழுதெல்லாம் பொறுமை பெருக்கிய பெருந்தகையே! கணினிப் பிரிவின் காவலரே! வயதில் மூத்த இயக்குநரும் கூச்சமின்றி அக்கா என்றழைக்கும் எங்கள் அக்காவே, வணக்கம்.

இம்மருத்துவமனையின் இரத்த வங்கி நிரலைச் சி மொழியில் எழுதியவர் யாரென்று இன்று ஒருவருக்கும் தெரியாது. அதை உயிரோடு வைத்திருந்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். தரவுத்தளத்தோடு பேச உதவும் துணைநிரல் தொகுப்பான லைப்ரரி மாறும்போதெல்லாம் நிரலை மறுபடி இயந்திரமொழிக்குக் கம்பைல் செய்து, அந்த லைப்ரரியோடு லிங்க் செய்து இணைத்து, எந்த இரத்தப் பை எந்தக் குளிர்பெட்டியில் இருக்கிறது என்று செவிலியர் திரையில் தெரியவைத்தீர்கள். லிங்க் கட்டளையைக் கையால் தட்டி, எண்டரை அழுத்துமுன் எங்களை உரக்கப் படிக்கச் சொல்வீர்கள். பக்கத்து அறைக் கணக்குப் பிரிவினர் எங்களுக்கு வாய்ப்பாடு வகுப்பு என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், "இதெல்லாம் எதுக்கு மேடம், நான் பாத்துக்கிறேன்" என்றார். எந்த விவரம் எந்த இடத்தில் என்று சொல்லும் ஹெடர் கோப்பில் புதியதை வைத்துக் கம்பைல் செய்தார்; அதற்குப் பொருந்தாத பழைய லைப்ரரியோடு லிங்க் செய்தார். ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. நிரல் ஓடியபோது இரத்தப் பிரிவு இருக்கவேண்டிய கட்டத்தில் காலாவதித் தேதியின் பாதி வந்து நின்றது. விடுப்பில் ஊருக்குப் போயிருந்த நீங்கள் பையைக்கூடப் பிரிக்காமல் பேருந்து ஏறித் திரும்பினீர்கள். அவரைத் திட்டவில்லை. "கொஞ்சம் நகருங்கப்பா" என்றீர்கள், அவ்வளவுதான்.

எங்களுக்கெல்லாம் அக்காவான உங்களுக்கும் ஓர் அக்கா உண்டு என்பதையும், அந்த விடுப்பு அவருக்காக என்பதையும் அன்றுதான் அறிந்தோம். தாயில்லாக் குறை தெரியாமல் உங்களை வளர்த்தவர், பக்கவாதத்தில் படுத்தபடி உங்களுக்காகக் காத்திருக்கிறார். நீங்கள் ஓய்வு பெறவேண்டிய நாள் இருமுறை வந்தது. "இன்னும் ஒரே ஒரு வருஷம்க்கா" என்று இருமுறையும் இயக்குநர் கெஞ்சினார். நாங்களும் பின்னால் நின்று தலையாட்டினோம்.

இப்போது, வாழ்த்துமடலில் எவரும் எழுதாத ஒன்றைச் சொல்கிறோம். புதிய லைப்ரரியோடு நம் நிரல் லிங்க் ஆகவில்லை. இரத்தப் பைகளை நோயாளிகளோடு பொருத்திப் பார்க்கும் பகுதிக்கு, நாம் படித்துத் திருத்தக்கூடிய மூலநிரல் தொலைந்துவிட்டது. பழைய இயந்திரத்தில் கம்பைல் செய்த கோப்பு மட்டுமே மிச்சம். அதைப் புதிய லைப்ரரி தொடவே மறுக்கிறது. நிரல் இப்போது ஓடும் பழைய சர்வர் வரும் திங்களன்று நிற்கப்போகிறது. நீங்கள் இருந்தாலும் இணையாது என்றே நினைக்கிறோம். ஆனால் இருந்தால் முயல்வீர்கள், முயன்றுகொண்டே இருப்பீர்கள். எங்கள் பயம் அதுதான்.

மறைத்து அனுப்பியிருக்கலாம். நாளை ஊர் திரும்பும் பயணத்தில் யார் வாயிலாவது கேட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவீர்கள் என்று தெரிந்துதான், இந்தப் பிரிவு விழாவிலேயே சபையறியச் சொல்கிறோம். தலைமைச் செவிலியரிடம் பேசிவிட்டோம். "அக்கா போகட்டும். கையால எழுதின அட்டையும் போனும் வெச்சு நாங்க சமாளிக்கிறோம்" என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. எங்களுக்கும் இல்லை. அவசரத்தில் ஒரு பையைத் தேடி செவிலியர் கைகள் ஒவ்வொரு குளிர்பெட்டியாகத் திறக்கப்போகின்றன. ஆனாலும் எழுந்து இயந்திர அறைக்குப் போய்விடாதீர்கள், அக்கா. உட்காருங்கள்.

தமக்கையாரின் கட்டிலருகே நாற்காலி போட்டு, நோயின்றி, நொடிதோறும் கைபேசியைப் பாராமல், நெடுநாள் நிறைவாக வாழ வேண்டுகிறோம். உங்கள் எண்ணை எல்லோர் கைபேசியிலிருந்தும் அழித்துவிட்டோம். மனப்பாடமாக இருப்பதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்களை அழைக்காமலிருக்க முயலும்
கணினிப் பிரிவுப் பணியாளர்கள்