ஓடும் சர்வரில் ஒரு மாற்றம்

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை அப்டேட் செய்வது பெரிய வித்தை இல்லை, ஐயா. அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். முதலில் பழையதை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். புதியதை ஸ்பேர் இயந்திரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால்தான் அசல் சர்வரில் கை வைக்கலாம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் என் மனைவியின் தம்பி. லினக்ஸ் சர்வர் வேலையில் அவன் கைதேர்ந்தவன். இந்த ஆஸ்பத்திரியில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். கம்ப்யூட்டர் அறையில் எதிரெதிர் மேசை எங்களுக்கு. மத்தியானச் சாப்பாடும் என் வீட்டு டப்பாவில்தான், அக்கா கை ருசி என்று பாதியை அவனே காலி செய்துவிடுவான்.

போன மாதக் கூட்டத்தில், அப்டேட் செய்ய சர்வரை அரை நாள் நிறுத்த வேண்டும் என்று பெரிய டாக்டரிடம் சொன்னேன். "நிறுத்தவே வேணாம் அத்தான், ஓடும்போதே பண்ணிடலாம்" என்றான் அவன். மரியாதையாகத்தான் சொன்னான், எப்படி என்றும் விளக்கினான். டாக்டர் என் பக்கம் திரும்பி, "மச்சினன்கிட்ட டியூஷன் சேர்ந்துடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் செய்தது எல்லாமே அந்த வெட்கத்தில் செய்ததுதான். நீங்கள் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த அப்டேட்டை நான்தான் ஸ்பேர் இயந்திரத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு புரோகிராம் மட்டும் புதியதோடு ஒத்துப்போகாமல், எழுந்திருக்கவே மறுத்தது. தீவிர சிகிச்சை வார்டின் அலாரங்களை நர்ஸ் மேசைக்குக் கொண்டுபோகும் புரோகிராம் அது. நோயாளிகள் கண்ணாடி அறைகளுக்குள் இருப்பார்கள். உள்ளே இயந்திரம் கத்துவது மேசைக்கு அவ்வளவாகக் கேட்காது.

தெரிந்தும் அசல் சர்வரில் அதைப் போட்டேன். உடனே ஒன்றும் ஆகாது, ஐயா. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் நினைவில் இருக்கும் பழையதை வைத்தே ஓடும். காலுக்குக் கீழே தரையைப் பெயர்த்தது அதற்குத் தெரியாது. அதை ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் விழும். ரீஸ்டார்ட் செய்வது மைத்துனன் வேலை.

"ஸ்பேர்ல பாத்தீங்களா அத்தான்?" என்று கேட்டான்.

"பாத்தாச்சுப்பா. சுத்தமா இருக்கு."

என் வார்த்தையை நம்பி மறுநாள் காலை ரீஸ்டார்ட் செய்தான். அலாரம் புரோகிராம் எழுந்திருக்கவில்லை. பழைய பிரதியைத் தேடினான். அதை நான் எடுத்து என் டிஸ்கில் வைத்திருந்தேன். அவன் ஒருமுறை என்னிடம் வந்து, "என்னால முடியல, பாருங்க" என்று நின்றால் போதும், எடுத்துக் கொடுத்திருப்பேன். கண நேர வேலை.

அவன் நிற்கவில்லை. நேராகப் போனைத்தான் எடுத்தான். "வார்டுக்குச் சொல்லணும். ஒவ்வொரு பெட்டா நேர்ல போய்ப் பாக்கச் சொல்லணும்."

"நான் சொல்றேன், நீ வேலையப் பாரு" என்று போனை வாங்கிக்கொண்டேன். ரிசீவரைக் காதில் வைத்து, "சிஸ்டர், கொஞ்ச நேரம் அலாரம் வராது, பாத்துக்குங்க" என்றும் சொன்னேன். எண்ணை அழுத்தவில்லை. வார்டுக்குத் தெரிந்தால் அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். தலைமை நர்ஸ் ஒருமுறை கீழே இறங்கி வந்து, நாலு பேர் முன்னால் அவனைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

அந்த நேரத்தில் ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்று, குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அவளுடைய அப்பா மேலே வார்டில் இருக்கிறாராம், தச்சு வேலை செய்பவராம். "இன்னைக்குக் கண்ணத் தொறந்து பாத்தார், சார்" என்றாள். நல்லது அம்மா என்றேன். எழுந்து போய் வழியும் காட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மைத்துனன் வியர்த்துப்போய்த் தட்டிக்கொண்டிருந்தான். நான் காத்திருந்தேன்.

தச்சரின் செயற்கை சுவாசக் குழாய் கழன்றிருந்தது. நர்ஸ் வேறொரு நோயாளியோடு இருந்தார். தண்ணீர் பிடித்துக்கொண்டு போன மகள்தான் முதலில் பார்த்தாள்.

விசாரணையில் மைத்துனன், "அத்தான் வார்டுக்குச் சொன்னார், நான் காதால கேட்டேன்" என்றான். அப்படி எந்த அழைப்பும் வரவில்லை என்றார் நர்ஸ். என்னிடம் அவன் எதுவுமே சொல்லவில்லை என்றேன் நான். அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான். வேலை போயிற்று. வழக்கும் அவன் பேரில். "என் தம்பியால உங்களுக்குத் தலைகுனிவு, மன்னிச்சுடுங்க" என்று என் மனைவி என்னிடம் அழுதாள். பரவாயில்லை என்று தேற்றினேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, கண்ணாடி பார்த்துச் சவரம் செய்ய முடியவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். புரோகிராம் விழும் என்று தெரிந்தே போட்டேன். பிரதியை ஒளித்தேன். வார்டுக்குச் சொல்லவில்லை. அவன் நிரபராதி.

ஆனாலும் ஐயா, வாய் திறந்து என்னிடம் ஒரு உதவி கேட்டிருந்தானானால், அந்தத் தச்சர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.